சுமை மாறிய தோள்கள் – 17: மலையேறிய பெல்ட்

பிரேசில் நாட்டின் பாரா மாநிலத்தில் செர்ரா பெலாடா என்றொரு இடம். அங்கே தங்கம் இருக்கிறது என்ற செய்தி பரவியதும், 1980-இல் பல்லாயிரம் பேர் ஓடிவந்து குன்றைத் தோண்ட ஆரம்பித்தார்கள். சில ஆண்டுகளில் குன்று போய்க் குழி வந்தது. 1986-இல் புகைப்படக் கலைஞர் செபஸ்தியாவ் சல்காடோ அந்தக் குழியைப் படமெடுத்தார். கறுப்பு வெள்ளைப் படங்கள். குழியின் சுவர் முழுக்க ஏணி. ஏணி முழுக்க மனிதர்கள். ஒவ்வொருவர் முதுகிலும் சேற்று மண் மூட்டை. மேலே ஏறுபவரின் பாதம் கீழே இருப்பவரின் நெற்றிக்கு நேரே. ஒருவர் வழுக்கினால் அவருக்குக் கீழே இருப்பவர்களும் சரிய வேண்டியதுதான். அந்த ஏணிகளுக்கு அங்கே வழங்கிய பெயர் 'விடைபெறுகிறேன் அம்மா'. நாம் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது 'போய்வருகிறேன்' என்போம். வெறுமனே 'போகிறேன்' என்றால் பெரியவர்கள் திருத்துவார்கள். அந்த ஏணியின் பெயரில் 'வருகிறேன்' இல்லை.

சென்ற இதழ் வரை சமதரையில் ஓடும் கன்வேயர் பெல்ட்டின் கதையைப் பார்த்தோம். சமதரையில் கிலோமீட்டர் கணக்கில் சுமையைக் கொண்டு போன பெல்ட், செங்குத்தான மேட்டைக் கண்டதும் வெகுகாலம் அடிவாரத்திலேயே நின்றுவிட்டது. தோளும் முதுகும் ஏணியில் ஏறிக்கொண்டிருந்த அதே 1980-களில்தான் அதை மேலேற்றும் வேலை மும்முரமாக நடந்தது. ஏன் நின்றது, எப்படி ஏறியது என்பதே இந்த அத்தியாயம்.

முதலில் ஒரு மணல் குவியலைப் பார்ப்போம். வீடு கட்டும் இடத்தில் லாரி கொட்டிவிட்டுப் போன மணல் தானாக ஒரு சாய்வில் நிற்கும். காய்ந்த மணலானால் அந்தச் சாய்வு 30 டிகிரியை ஒட்டி இருக்கும். உடைத்த நிலக்கரி இன்னும் கொஞ்சம் செங்குத்தாகவே நிற்கும். அப்படியானால் 30 டிகிரி சாய்வில் ஓடும் பெல்ட்டிலும் நிலக்கரி நிற்க வேண்டுமே என்று தோன்றும். நிற்காது. சாதாரண ரப்பர் பெல்ட்டில் நிலக்கரியை 18 டிகிரி வரை நம்பி ஏற்றலாம். அதற்கு மேல் ஆபத்து. உருண்டைக் கூழாங்கல்லானால் 12 டிகிரிக்கே பின்னால் உருளத் தொடங்கிவிடும்.

காரணம் பெல்ட்டுக்கு அடியில் இருக்கிறது. ஒரு மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் ரோலர்கள் வரிசையாக நிற்கின்றன. இரண்டு ரோலருக்கு நடுவே பெல்ட் கொஞ்சம் தொய்கிறது. அடுத்த ரோலரில் ஏறும்போது எழும்புகிறது. சுமைக்கு ஒவ்வொரு ரோலரும் ஒரு சின்ன உதறல். நெல் அளந்தவர்களுக்கு இது தெரியும். மரக்காலில் கூம்பாக நிற்கும் நெல்லை ஒரு தட்டுத் தட்டினால் கூம்பு படுத்துவிடும். மேட்டில் ஏறும் பெல்ட் தன் சுமையை நொடிக்கு இரண்டு மூன்று முறை அப்படித் தட்டிக்கொண்டே போகிறது. அதனால்தான் குவியலாக அசையாமல் நிற்கும் நிலக்கரி, பெல்ட்டின் மேல் அதில் பாதிச் சாய்வில்கூடச் சறுக்கப் பார்க்கிறது.

இந்த 18 என்ற எண் சுரங்கத்தில் என்ன செய்கிறது என்று ஒரு கணக்குப் போடலாம். 100 மீட்டர் ஆழத்திலிருந்து சுமையை மேலே கொண்டுவர 18 டிகிரி பெல்ட்டுக்கு ஏறக்குறைய 324 மீட்டர் நீளமும், அது படுக்க 308 மீட்டர் கிடைத்தளமும் வேண்டும். பாறைச் சுரங்கத்தின் சுவரோ பெரும்பாலும் அதைவிட இரண்டு மடங்கு செங்குத்து. ஆக, பெல்ட்டுக்காகச் சுவரை வெட்டிச் சரித்தாக வேண்டும், அல்லது தனியாகச் சுரங்கப்பாதை குடைய வேண்டும். தேவையில்லாத பாறையை லட்சக்கணக்கான டன் வெட்டிப் போட்ட பிறகுதான் தேவையான தாதுவை ஏற்றவே முடியும்.

செங்குத்தாக ஏற்றும் வழி அதற்கு வெகு முன்பே ஒருவருக்குத் தெரிந்திருந்தது. அவர் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்து ஆலிவர் எவன்ஸ். அங்கே ரெட் கிளே ஓடைக் கரையில் 1780-களில் அவர் கட்டிய மாவு ஆலையில்தான் முதன்முதலாகத் தானியம் மனிதர் தோளைத் தொடாமல் மாடியேறியது. அதுவரை ஆலையாட்கள் கோதுமை மூட்டையைப் படியேறிச் சுமந்து மேல்தளத்துத் தொட்டியில் கொட்டினார்கள். அரைத்த மாவு ஈரமும் சூடுமாகக் கீழே விழும். அதையும் மறுபடி மேலே சுமந்து சென்று, தரையில் பரப்பி, வாரியால் கிளறி ஆற வைத்தார்கள். அந்த மாவின் மீதே நடந்தார்கள். எவன்ஸ் ஒரு தோல் வாரில் சிறு மரக்கிண்ணங்களைத் தைத்து, மேலே ஒரு சக்கரம் கீழே ஒரு சக்கரம் என மாட்டி, நீர்ச்சக்கரத்தோடு இணைத்தார். கீழே கிண்ணம் முங்கி அள்ளும். மேலே கவிழ்ந்து கொட்டும். அவ்வளவுதான். 1790 டிசம்பரில் அவருக்கு அமெரிக்காவின் மூன்றாவது காப்புரிமை கிடைத்தது. அதில் கையெழுத்திட்டவர் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன். அடுத்த ஆண்டே அவர் மவுண்ட் வெர்னனில் இருந்த தம் சொந்த ஆலையிலும் இந்த அமைப்பைப் பொருத்திக்கொண்டார்.

எவன்ஸின் கிண்ண வார் இன்றும் நம் கண்முன் ஓடுகிறது. நெல் அவிக்கும் எந்த ரைஸ் மில்லுக்குள் நுழைந்தாலும் தரையிலிருந்து கூரை வரை நிற்கும் தகரப் பெட்டிதான் அது. மில் ஆட்கள் அதை 'எலிவேட்டர்' என்பார்கள். அடியில் ஒரு குழி இருக்கும். ஒருமுறை ஒரு மில்லில் ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் பக்கத்துத் தகட்டைக் கழற்றியபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். கான்வாஸ் பெல்ட்டில் வரிசையாகப் போல்ட்டு முடுக்கிய தகரக் கிண்ணங்கள். உதடு தேய்ந்து பளபளவென்று இருந்தன. குழியில் இறங்கிய ஆள் முழங்கால் அளவு நெல்லைக் கையால் அள்ளி வெளியே போட்டார். "கிண்ணம் எடுக்காததை நாமதான் எடுக்கணும்" என்றார். இருநூறு ஆண்டுகளுக்கு முன் தோல் வாரில் தைத்த மரக்கிண்ணத்திலிருந்து அந்தக் கிண்ணம் வெகு தூரம் மாறிவிடவில்லை.

நெல்லுக்குச் சரியாக இருக்கும் இந்த ஏற்பாடு பாறைக்கு ஆகாது. தலையளவு கல் கிண்ணத்துக்குள் அடங்காது. அடங்கினாலும் முங்கி அள்ளும் வேகத்தில் கிண்ணம் நசுங்கும். மணிக்கு ஆயிரக்கணக்கான டன் என்று பேசத் தொடங்கினால் கிண்ண வார் பின்வாங்கிவிடும். ஆகவே சுரங்கம் எவன்ஸை விட்டுவிட்டு வேறொருவரைத் தேடிப் போனது.

அவர் தாமஸ் ராபின்ஸ். ரப்பர் பொருள் விற்கும் இளைஞர். 1891-இல் நியூஜெர்சி மலைப்பகுதியில் ஆக்டன்ஸ்பர்க் என்ற இடத்தில் தாமஸ் ஆல்வா எடிசன் நடத்திவந்த இரும்புத்தாது ஆலைக்குப் போனார். மின்விளக்கின் எடிசனேதான். மட்டமான தாதுவைப் பொடியாக்கிக் காந்தத்தால் பிரித்தெடுக்கும் முயற்சியில் அவர் அங்கே பெரும் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்தார். தாது அரைபட்டு ஓடிய கான்வாஸ் பெல்ட்டுகள் வெகு சீக்கிரம் கிழிந்துபோயின. கிழிந்த பெல்ட்டை ராபின்ஸ் உற்றுப் பார்த்தார். பருத்தித் துணி தின்னப்பட்டிருந்தது. அதன் மேல் மெல்லியதாகப் பூசியிருந்த ரப்பர் மட்டும் கல்லின் அடியைத் தாங்கி நின்றது. மெல்லிய பூச்சே இவ்வளவு தாங்கினால் தடித்த ரப்பர் எவ்வளவு தாங்கும் என்று யோசித்துத் தடித்த ரப்பர் மேலுறையோடு பெல்ட் செய்தார். தட்டையான பெல்ட்டைத் தாங்கிய ஒற்றை ரோலருக்குப் பதில், நடுவில் ஒன்று, இருபுறமும் சாய்வாக ஒவ்வொன்று என மூன்று ரோலர்களை வைத்துப் பெல்ட்டைத் தொட்டி வடிவில் குழித்தார். இன்று எந்தச் சுரங்கத்துக்குப் போனாலும் அந்த மூன்று ரோலர்தான். 1896-இல் அவர் தனிக் கம்பெனி தொடங்கினார். 1900-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவருடைய கன்வேயருக்குப் பெரும் பரிசு கிடைத்தது. எடிசனின் தாது ஆலை அதே நூற்றாண்டின் இறுதியிலேயே மூடப்பட்டது. அங்கிருந்து உலகத்துக்கு மிஞ்சியது இந்த பெல்ட்தான் என்பது என் கருத்து.

ஆனால் ராபின்ஸின் பெல்ட்டும் 18 டிகிரிக்குக் கட்டுப்பட்டதுதான். அடுத்த ஐம்பது ஆண்டுகள் யாரும் அதைப் பெரிதாக மீறவில்லை. மீற வேண்டிய அவசரமும் இல்லை. நிலக்கரிச் சுரங்கங்களில் பூமிக்கு அடியிலேயே பெல்ட் நீண்டது. திறந்தவெளிச் சுரங்கங்கள் அவ்வளவு ஆழமாகவில்லை.

நம் நெய்வேலியே நல்ல உதாரணம். 1956-இல் நிறுவனம் உருவாகி, 1957-இல் நேரு தோண்டும் பணியைத் தொடங்கிவைத்து, 1961-இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்த வாளிச்சக்கர இயந்திரங்கள் மண்ணை அள்ள, பெல்ட் அதைக் கொண்டுபோனது. அங்கே பெல்ட் செங்குத்தாக ஏறத் தேவையில்லை. பழுப்பு நிலக்கரி விரிந்து பரந்த படுகையாகக் கிடக்கிறது. சுரங்கமும் ஒரு பக்கம் தோண்டி மறுபக்கம் மூடியபடி நகர்கிறது. படிப்படியாக, மெதுவாக ஏற இடம் தாராளமாக இருக்கிறது. மழைக்காலத்தில் களிமண் பெல்ட்டில் ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறதே, அதுதான் அங்கே தலைவலி. இந்த ஒட்டலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி வரும்.

செம்பும் தங்கமும் வேறு மாதிரி. அவை கடினப் பாறையில், சின்ன இடத்தில், ஆழமாக இறங்கும். அந்தக் குழி புனல் போல இருக்கும்: மேலே அகலம், கீழே குறுகல். ஆழம் கூடக்கூடச் சுவரைச் சுற்றிச் சுற்றி ஏறும் லாரிப் பாதையும் நீளும். பெரிய டம்பர் லாரி 8 சதவீத ஏற்றத்தில் ஏறுகிறது என்று வையுங்கள். 270 மீட்டர் உயர அது 3 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். 90 டன் பாறையை ஏற்றத் தன் எடையாக ஏறத்தாழ 70 டன் இரும்பையும் சேர்த்து ஏற்ற வேண்டும். கொட்டிவிட்டு அந்த இரும்பை மறுபடி கீழே இறக்க வேண்டும். டீசல் மலிவாக இருந்தவரை யாரும் இதைப் பெரிதாக எண்ணவில்லை. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து, கச்சா எண்ணெய் சில மாதங்களில் நான்கு மடங்கு விலை ஏறியதும் எல்லோரும் பென்சிலைக் கையில் எடுத்தார்கள்.

அதற்குள் சில வழிகள் தோன்றியிருந்தன. பெல்ட்டின் மேல் அம்பு முனை போன்ற ரப்பர் வரப்புகளை அமைத்தார்கள். 30 டிகிரி வரை அது ஓரளவு தாங்கியது. ஆனால் வரப்பு குட்டை, சுமை அதிகமானால் மேலே வழிந்து உருண்டது. மேற்கு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1960-களில் இன்னும் துணிச்சலான ஒன்று பிறந்தது. பெல்ட்டின் இருபுறமும் சுருக்குச் சுருக்காக, துருத்தியின் மடிப்பு போன்ற ரப்பர்ச் சுவர். நடுவே குறுக்குத் தடுப்புகள். பெல்ட்டே வரிசையாகப் பெட்டிகளாக மாறிவிட்டது. மடிப்புச் சுவர் என்பதால் சக்கரத்தில் வளையும்போது விரிந்துகொடுக்கும். இந்த பெல்ட்டை 90 டிகிரியில் நேராக நிறுத்தினாலும் சுமை விழாது. எவன்ஸின் கிண்ணம் ரப்பராகித் திரும்பி வந்ததாகவே இதை நான் பார்க்கிறேன். கப்பல், மின்நிலையம், மண் தோண்டும் பணிகள் என்று பல இடங்களில் நன்றாகவே உழைத்தது, உழைக்கிறது.

ஆனால் நெய்வேலிக் களிமண்ணை நினைத்துப் பாருங்கள். வழவழப்பான பெல்ட்டில் ஒட்டியதை ஒரு சுரண்டியை வைத்து வழித்துவிடலாம். பெட்டி பெட்டியாக இருக்கும் பெல்ட்டில் சுரண்டியை எங்கே வைப்பது? ஈரமான தாது மூலையில் ஒட்டும், இறுகும். ஒவ்வொரு சுற்றிலும் பெட்டி கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுக்கும். அகலச் சுமைக்கும் பெரிய கல்லுக்கும் அந்தச் சுவர்கள் தடையாகவும் நின்றன.

வழவழப்பான பெல்ட்டும் வேண்டும், செங்குத்தும் வேண்டும். என்ன செய்வது?

ஒரு பிடி நெல்லை ஓர் உள்ளங்கையில் வைத்து மறு உள்ளங்கையால் மூடி அழுத்துங்கள். இப்போது இரு கைகளையும் கும்பிடுவது போல நிமிர்த்துங்கள். அழுத்தம் இருக்கும்வரை நெல் நிற்கும். ஓரங்களில் கையோடு கை ஒட்டியிருந்தால் ஒரு மணிகூடச் சிந்தாது. பொறியாளர்கள் செய்தது இதைத்தான். கீழே சுமக்கும் பெல்ட், மேலே மூடும் பெல்ட், இரண்டும் ஒரே வேகத்தில் ஓடும், நடுவே தாது. இரு ஓரங்களிலும் ஒரு சாண் அளவுக்குச் சுமையில்லாமல் பெல்ட்டோடு பெல்ட் ஒட்டி வாயை மூடிக்கொள்ளும். இந்த இரட்டை பெல்ட் யோசனை 1950-களின் தொடக்கத்திலேயே ஜெர்மனியில் பேசப்பட்டது. எப்படி அழுத்துவது என்பதில்தான் இழுபறி. அழுத்தம் குறைந்தால் சுமை நடுவிலேயே சரியும். கூடினால் பெல்ட் தேயும், ரோலர் உடையும். நடுவே ஒரு பெரிய கல் வந்தால் அந்த இடத்தில் மட்டும் அழுத்தம் விலகிக்கொடுத்து, கல் கடந்ததும் பழையபடி இறுக வேண்டும்.

வட அமெரிக்காவின் பேரேரிகளில் ஓடிய சரக்குக் கப்பல்கள் 1970-களில் ஒரு விடை தந்தன. கப்பலின் வயிற்றிலிருந்து தாதுவைத் தானே மேலே ஏற்றிக் கரையில் கொட்ட வேண்டும். கப்பலுக்குள் இடமோ குறைவு. அங்கே இரட்டை பெல்ட்டை அரைவட்டமாக வளைத்து மேலே கொண்டுபோனார்கள். கிணற்று ராட்டினத்தில் கயிற்றை இழுக்க இழுக்க அது சக்கரத்தை இறுக்கும் அல்லவா? வளைவில் செல்லும் வெளிப்புற பெல்ட்டின் இழுவிசையும் அதே போலச் சுமையை உட்புற பெல்ட்டோடு அழுத்தியது. தனி அழுத்தும் கருவி தேவைப்படவில்லை.

சுரங்கச் சுவர் அரைவட்டமல்ல, நீண்ட நேர்ச்சரிவு. அதற்கு அமெரிக்க அரசின் சுரங்கத் துறை அமைப்பு ஓர் ஆய்வை ஏற்பாடு செய்தது. அந்த ஆய்விலிருந்து தொடங்கியவர் பொறியாளர் ஜோசப் டோஸ் சாந்தோஸ். 1983-இல் அவரும் ஃப்ரிசெல் என்பவரும் சேர்ந்து, இரட்டை பெல்ட்டின் அதுவரையான வளர்ச்சியைத் தொகுத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் பக்கத்து வாதம் எளிமையானது: விசித்திரமான பாகம் எதுவும் வேண்டாம், எந்தச் சுரங்கத்திலும் கிடைக்கும் வழக்கமான ரப்பர் பெல்ட், வழக்கமான ரோலர், வழக்கமான மோட்டார் போதும். கிழிந்தால் அங்கேயே ஒட்டலாம். ஒட்டிய தாதுவைச் சுரண்டலாம். மேலே விற்சுருளோடு கூடிய ரோலர்களைக் கொண்டு மென்மையாக அழுத்தினால் மணலும் நிற்கும், கல்லும் நிற்கும். படித்தவர்கள் பலர் தலையாட்டினார்கள். பெரிய பாறைச் சுரங்கத்தில் நிரூபிக்க மேலும் ஒன்பது ஆண்டுகள் ஆயின. 1992-இல் செர்பியாவின் மைதான்பெக் செம்புச் சுரங்கத்தில் 35.5 டிகிரிச் சாய்வில், மணிக்கு 4,000 டன் கொள்ளளவோடு, 93.5 மீட்டர் உயரத்துக்கு ஓர் இரட்டை பெல்ட் ஏறியது.

மேட்டில் ஏறும் பெல்ட்டின் உண்மையான சோதனை அது ஓடும்போது வருவதில்லை, நிற்கும்போதுதான் வருகிறது. மின்சாரம் போகிறது என்று வையுங்கள். நூற்றுக்கணக்கான டன் சுமை பெல்ட்டின் மேல் அப்படியே நிற்கிறது. புவியீர்ப்புக்கு மின்வெட்டு இல்லை. பின்னோக்கி ஓட ஆரம்பித்தால் அடிவாரத்தில் சுமை மலையாகக் குவியும், பெல்ட் அறுபடும், அருகில் ஆள் இருந்தால் உயிர் போகும். அதனால் மேல் சக்கரத்தில் முன்னோக்கி மட்டுமே சுழல விடும் பூட்டு ஒன்று கட்டாயம் இருக்கும். இரட்டை பெல்ட்டில் அதுவும் போதாது. மோட்டார் நின்றாலும் மேல் பெல்ட் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்த அழுத்தம் மின்சாரத்தை நம்பி இருக்கக் கூடாது. விற்சுருளை நம்பி இருக்கலாம்.

இந்தக் கதையின் உச்சி உஸ்பெகிஸ்தானின் கைசில்கும் பாலைவனத்தில் இருக்கிறது. முருந்தாவ் தங்கச் சுரங்கம். 1967-இல் தோண்டத் தொடங்கிய அந்தக் குழி உலகின் மிகப் பெரிய திறந்தவெளித் தங்கக் குழிகளில் ஒன்று. லாரிப் பாதை நீண்டுகொண்டே போனதால் 1980-களிலேயே அங்கே வழக்கமான சாய்வு பெல்ட்டுகளைப் போட்டுப் பார்த்தார்கள். ஆழம் அவற்றையும் தாண்டியது. 2011-இல் அங்கே ஓடத் தொடங்கிய இரட்டை பெல்ட்டின் கணக்கு இது: சாய்வு 37 டிகிரி, ஏற்றும் உயரம் 270 மீட்டர், கொள்ளளவு மணிக்கு 3,500 டன். அதே உயரத்துக்கு 18 டிகிரி பெல்ட் போட்டிருந்தால் ஏறத்தாழ 870 மீட்டர் நீளம் வேண்டும். இது 450 மீட்டரில் முடிந்துவிட்டது. சுவரை வெட்டிச் சரிக்கும் வேலை இல்லை. பெல்ட் சுவரிலேயே சாய்ந்து ஏறியது. அந்தச் சுமையைத் தூக்குவதற்கு மட்டும், உராய்வைச் சேர்க்காமல், ஏறக்குறைய 2,575 கிலோவாட் திறன் வேண்டும். லாரியில் அதே பாறையைத் தூக்கவும் இதே அளவுதான் வேண்டும். கூடவே லாரியையும் தூக்க வேண்டும் என்பதுதான் வித்தியாசம்.

அந்த இயந்திரத்தைச் செய்து அனுப்பியது உக்ரைனின் கிராமத்தோர்ஸ்க் நகரத்து ஆலை. 2022 முதல் அந்த நகரம் போர்முனைக்கு அருகே இருக்கிறது. தோளிலிருந்து சுமையை இறக்கப் பாடுபட்ட கைகள் அந்த ஊரில் இப்போது எப்படி இருக்கின்றனவோ என்று எழுதும்போதே மனம் கலங்குகிறது.

இவ்வளவுக்கும் பிறகு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மணிக்கு ஆயிரம் டன் ஏற்ற வேண்டிய இடத்துக்குத்தான் இந்த பெல்ட் போகும். அங்கேதான் அதன் விலை கட்டுப்படியாகும். நாளுக்குச் சில டன் மட்டும் வரும் இடத்தில் தோள்தான் இன்னும் மலிவு. இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் காவா இஜென் எரிமலை வாய்க்குள் இறங்கும் தொழிலாளர்கள், மஞ்சள் கந்தகக் கட்டிகளை மூங்கில் கூடைகளில் நிரப்பி, ஒரு முறைக்கு 70 கிலோவுக்கு மேல் தோளில் வைத்து, புகைக்கு நடுவே செங்குத்தான பாதையில் ஏறுகிறார்கள். நம் ஊர்க் கட்டடங்களில் சாரத்தின் பலகையில் சாந்துச் சட்டியோடு ஏறும் சித்தாள் பெண்களும் அப்படித்தான். சின்ன வேலைக்கு ஏற்ற சின்ன இயந்திரத்தை மலிவாகச் செய்ய நம் பொறியியல் மாணவர்கள் முன்வர வேண்டும். இந்தத் தொடரைப் படிக்கும் பேராசிரியர்கள் இதை இறுதியாண்டுத் திட்டப்பணியாகக் கொடுத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த இதழில், மலையிலிருந்து சுமையோடு கீழே இறங்கும்போது மின்சாரத்தைச் செலவழிக்காமல் உற்பத்தி செய்யும் பெல்ட்டின் கதை.

(தொடரும்)